தொண்டையை நெரிக்கும் நோயும் அதற்கான அறுவை சிகிச்சையும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் பற்றியெல்லாம் இந்த மேடையில் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். என் குரல் கொஞ்சம் காற்றோடு வருவதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். மைக் கோளாறு இல்லை.

மத்திய அரசில் 36 வருஷம் இருந்தேன். 2004இல், எனக்கு 54 வயதில், பேசும்போது யாரோ கழுத்தை நெரிப்பதுபோல வார்த்தைகள் நடுவில் அறுபட ஆரம்பித்தன. விசாரணைக்கு வந்த கட்சிக்காரர்கள், அதிகாரி பயந்து பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். போன் மணி அடித்தால் வேறு அறைக்குப் போய்விடுவேன். விசித்திரம் என்னவென்றால் காலையில் விஷ்ணு சஹஸ்ரநாமம் தடையில்லாமல் வரும். சிரித்தால் சரியாக இருக்கும். ரகசியம் பேசினாலும் சரியாக இருக்கும். சாதாரணமாக "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கத்தான் வராது. இதைச் சொன்னபோது ஒரு டாக்டர், "அப்படியானால் மனசுதான் காரணம்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் அதில் போயிற்று. உண்மையில் அந்த விசித்திரம்தான் இந்த நோயின் அடையாளம்.

இதன் பெயர் ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா. 1871இலேயே ஜெர்மனியில் டிராவுபே என்ற மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். வெகுகாலம் மனநோய் என்றே வைத்திருந்தார்கள். எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' இருக்கிறதல்லவா, அதே ஜாதி. மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையில் கோளாறு. அதிகமாகக் காணும் வகையில் இரண்டு குரல்நாண்களும் பேசும்போது இறுக மோதிக்கொள்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

குரல்நாணை அசைக்கும் நரம்பின் கதை சுவாரஸ்யமானது. இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து தொண்டையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. தாதரிலிருந்து மாதுங்கா போகக் கல்யாணைச் சுற்றி வருவது மாதிரி! இந்த நரம்பை அறுத்தால் கத்துகிற பன்றி மௌனமாகிவிடும் என்று கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமில் செய்து காட்டினார்.

1976இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் டீடோ அதையே சிகிச்சையாக்கினார். ஒரு பக்க நரம்பை வெட்டினால் அந்தக் குரல்நாண் அசையாது; இறுக்கமும் போகும். நோயாளிகளுக்கு உடனே குரல் திறந்தது. ஆனால் 1983இல் மேயோ கிளினிக்கில் தங்கள் நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, மூன்று வருஷ முடிவில் 100க்கு 36 பேருக்குத்தான் பலன் மிஞ்சியிருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் சந்தோஷத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

1984 முதல் போடாக்ஸ் ஊசி வந்தது. இன்றும் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் சிகிச்சை. கழுத்து வழியாகக் குரல்நாண் தசையில் போடுகிறார்கள். நானும் ஏழு வருஷம் போட்டுக்கொண்டேன். முதல் வாரம் குரலே இருக்காது, தண்ணீர் குடித்தால் புரையேறும். பிறகு நல்ல குரல். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி பழைய கதை. பெண் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்ததோடு ஊசிக்கும் நாள் பார்த்தோம் என்றால் நம்புவீர்களா?

அறுவை சிகிச்சையில் இப்போது இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, கலிபோர்னியாவில் ஜெரால்டு பெர்க்கி வகுத்தது. முழு நரம்பை வெட்டாமல், இறுக்கும் தசைக்குப் போகும் கிளையை மட்டும் வெட்டி, பழைய இணைப்பு மறுபடி வளராதபடி கழுத்தின் வேறொரு நரம்பை அங்கே இணைப்பது. 'டில்பர்ட்' கார்ட்டூன் வரைந்த ஸ்காட் ஆடம்ஸ் 2008இல் அறுவை சிகிச்சையால் குரல் பெற்றார். மற்றது, கியோட்டோவின் இஷிகி கண்டது. நரம்பையோ தசையையோ தொடுவதே இல்லை. கழுத்தின் முன்னே தட்டுப்படும் மேட்டுக் குருத்தெலும்பை நடுவில் செங்குத்தாகப் பிளந்து, சில மில்லிமீட்டர் அகற்றி, டைட்டானியத் தகடு பொருத்துவது. மூளை தப்புக் கட்டளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். நாண்கள் இறுக மோத முடியாது, அவ்வளவுதான். 2025இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலாளரான ராபர்ட் கென்னடி ஜூனியர் இதற்காக ஜப்பான் போனார். அவர் குரல் இன்னும் கரகரப்பதை டி.வி.யில் கேட்டிருப்பீர்கள். பூரண குணம் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை.

எனக்கு 2015இல் இரண்டாவது வகை செய்தார்கள். மயக்க மருந்து இல்லை, கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசி. ஏனென்றால் இடைவெளி எவ்வளவு என்பதை நோயாளி பேசிக் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் வெறும் காற்று, குறைந்தால் நெரிசல். டாக்டர் "பேசுங்க ஸார்" என்றார். என்ன பேசுவது? அபிவாதயே சொன்னேன், கோத்திரம் சூத்திரம் எல்லாம் கணீரென்று வந்தது. "மந்திரம் வேண்டாம் ஸார், அது உங்களுக்கு எப்பவும் வரும். வீட்டுக்குப் போன் பண்ற மாதிரி பேசுங்க" என்றார். "நான்தான் பேசறேன், சாவித்ரி இருக்காளா" என்றேன். அறுபட்டது. சற்று அகற்றினார், மறுபடி சொன்னேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு தடையில்லாமல் வந்தது. அங்கேயே நிறுத்தித் தகட்டைப் பொருத்தினார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊசி போடவில்லை. தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிட முடியாது. கல்யாண மண்டபச் சத்தத்தில் என் பேச்சு எடுபடாது. நான் அதற்குச் சம்மதித்துத்தான் செய்துகொண்டேன். குரலே தொழிலாக இருக்கும் பாடகருக்கும் வாத்தியாருக்கும் கணக்கு வேறு. காற்று மட்டும் வந்து குரல் மறையும் இன்னொரு வகை நோய்க்கு இந்த ஆபரேஷன் உதவாது.

உங்கள் அகத்தில் யாருக்காவது மாதக்கணக்கில் இப்படி இருந்தால், பேசும்போதே குரல்நாணைக் கேமராவில் பார்க்கும் வசதியுள்ள இ.என்.டி. மருத்துவரிடம் காட்டுங்கள். போவதற்கு முன் செல்போனில் இரண்டு பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று சாதாரணப் பேச்சு, ஒன்று பாட்டோ ஸ்லோகமோ. டாக்டர் கேட்காவிட்டாலும் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.