கிணற்றடியில் தொடங்கும் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சுற்றாடலைப் பேணுதல் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். சுற்றாடல் என்றதும் தூர தேசத்துக் காடுகளும் உருகுகின்ற பனிமலைகளுமே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றன. அவை பெரிய விஷயங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக் குளிப்போமாயின் அந்தப் பேச்சினால் யாருக்கு என்ன பயன்? ஆகையால் இன்று நான் நமது வீட்டுக் கிணற்றடியை விட்டு அப்பாற் செல்லப் போவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆற்றைப் பிறப்பிக்க மலையும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிற் பெய்யும் மழையே நமக்கு ஆண்டு முழுவதற்குமான வருவாய். அந்த மழை நிலத்திற் சுவறி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அதுவே நமது கிணறுகளில் ஊறுகின்றது. அதற்கு நாற்புறமும் கடல். அடியிலும் உப்பு நீர். நல்ல நீர் பாரங் குறைந்ததாகையால் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல் நீர் நல்ல நீராயும் ஆழத்து நீர் உப்பாயும் இருப்பதன் காரணம் இதுவே.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பேடன் கைபன் என்ற ஒல்லாந்தரும், ஹேர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டு சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல நீர் இருக்குமாம். மேலே அந்த 1 அடியை நாம் இறைத்துத் தீர்த்துவிட்டாலோ, கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறி வரப் பார்க்கும். கையிருப்பில் ஒரு ரூபாய் எடுத்தால் நாற்பது ரூபாய் குறைகின்ற பெட்டகம் ஒருவனிடம் இருந்தால், அவன் எவ்வளவு பயந்து பயந்து அதைத் திறப்பான்! நாமோ சுவிச்சைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம்.

எங்கள் பாட்டனார் காலத்தில் எங்கள் தோட்டக் கிணறு நான்கு பங்குக்காரருக்குப் பொது. உறுதியிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருந்தன. முறை வைத்து இறைப்பார்கள். இருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றுவார். மிதிப்பவருடைய கால் ஓய்ந்ததும் இறைப்பும் ஓய்ந்துவிடும். மனிதனுடைய களைப்பே அந்நாளிற் கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. பின்பு இறைப்பு இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர்களின் கால் வலியைக் கண்டு வளர்ந்தவன் நான். அன்று உடம்பு விதித்த எல்லையை இன்று அறிவு விதிக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அளவு ஒரு புறமிருக்க, நீரின் தூய்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் என்னுடைய குற்றத்தையே சபையில் ஒப்புக்கொள்கிறேன். மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது, குழந்தைக்குப் பால்மா கரைப்பதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மூன்று தலைமுறை குடித்த தண்ணீருக்குப் பரிசோதனையா என்று நான் கோபித்தேன். பரிசோதனையில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருந்தது. குடிநீர் 1 லீற்றரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. மிஞ்சினால், சின்னஞ் சிறு குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். "கொதிக்க வைத்துக் கொடுத்தாற் போகாதா?" என்று கேட்டேன். கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்றார்கள்.

அந்த நஞ்சை அயலவன் இடவில்லை. 40 வருடமாக வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வேண்டிய அளவுக்கு மேல் யூரியாவை அள்ளி எறிந்தவன் நான். வசதியைப் பார்த்துக் கிணற்றுக்குக் கிட்டவே மலகூடக் குழி வெட்டுவித்தவனும் நான். பொந்து விழுந்த சுண்ணாம்புக் கல்லிலே மேலே விடுவதெல்லாம் விரைவிற் கீழே போய்ச் சேரும். உறுதியிலே கிணற்றுக்குப் பங்கு எழுதலாம். நிலத்தின் கீழ் ஓடும் நீருக்கு வேலி அடைக்க முடியாது. என் குழியின் அழுக்கு அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி, செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, வாளியில் அள்ளிக் குளியுங்கள். குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். இரண்டாவது, முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசாதீர்கள். கூரையில் விழும் மழையைத் தெருவுக்கு விரட்டாமல் வளவிலேயே சுவற விடுங்கள். மூன்றாவது, பயிருக்கு வேண்டிய அளவே உரம் இடுங்கள். பூவரசங் குழையும் மாட்டெருவும் நமது மண் அறிந்த உணவு. இரசாயன உரத்தை ஒரே நாளில் விடுங்கள் என்று நான் சொல்லேன். 2021ஆம் ஆண்டில் அரசாங்கம் அவ்வாறு திடீரென நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாட்டையும், அந்த ஆண்டு முடியுமுன்னரே தடையை நீக்க நேர்ந்ததையும் கண்டோம். படிப்படியாகக் குறைப்பதே நிலைக்கும். நான்காவது, மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் விலக்கி, ஒழுகாதபடி கட்டுங்கள்.

ஐந்தாவது, நமது விழாக்களைப் பற்றியது. சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி தொடக்கம் இந்நாட்டிற் தடை செய்யப்பட்டது. ஆனால் சட்டம் எந்த வீட்டு அடுப்படிக்குள்ளும் வந்து நிற்பதில்லை. திருவிழா முடிந்த மறுநாட் காலையில் கோயில் வீதியைப் பாருங்கள். தாகம் தீர்த்த புண்ணியம் ஒரு புறம். பிளாஸ்டிக் குவளைகள் கேணிக்குள் மிதக்கும் பாவம் மறு புறம். நமது ஊரில் மூக்குப்பேணி என்று ஒன்று இருந்ததே! வாய் படாமல் நூறு பேர் குடிக்கலாம். கழுவி வைத்தால் அடுத்த தலைமுறையும் குடிக்கும். வாழையிலையும், பனையோலைக் கடகமும், உமலும் நமக்கு அந்நியமானவையா?

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். நமது முன்னோரும் கோயிலோடு கேணியையும் ஊரோடு குளத்தையும் சேர்த்தே அமைத்தார்கள். குடாநாட்டிலுள்ள குளங்கள் ஏறக்குறைய ஆயிரம் என்பார்கள். நிலத்தின் கீழுள்ள பெட்டகத்துக்கு மழையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாயில்கள் அவை. இன்று பல தூர்ந்து கிடக்கின்றன, சில குப்பைமேடாகிவிட்டன.

வாலிப அன்பர்களே, பெரிய சபதம் எதையும் நான் உங்களிடம் கேட்கவில்லை. வருகிற ஐப்பசி மழைக்கு முன் நமது ஊரில் ஒரே ஒரு குளத்தைச் சங்கம் பொறுப்பேற்கட்டும். மண்வெட்டி எடுக்கும் வலு உங்களிடம் உண்டு. எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போனது, அது எங்கே அடைபட்டது என்ற அறிவு இங்கு முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களிடம் உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால் தன் மதிலின் கீழ் அடைபட்டிருக்கக் கண்டால், அதைத் திறந்துவிடப் பெரியவர்களும் முன்வர வேண்டும்.

என் பேரப்பிள்ளைக்கு இன்று கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரிலே பால் கரைக்கிறோம். அவள் வளர்ந்து தன் பிள்ளையோடு வரும்போது, கிணற்றிலே அள்ளிய தண்ணீரை அச்சமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. அது நிறைவேறுவதும் நிறைவேறாததும் நம் கையிலேயே இருக்கிறது.