பயிரைக் காப்போம், உயிரையும் காப்போம்

(பாகான் டாலாமில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பாகான் டாலாம் துறைமுகத்தை ஒட்டிய ஊர். இங்கு நின்றுகொண்டு காட்டுப்பன்றியையும் குரங்கையும் பற்றிப் பேசவேண்டிய தேவை என்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இங்கே அமர்ந்திருப்போருள் பலர் செபராங் பிறையின் உட்பகுதித் தோட்டங்களிலிருந்து வந்திருக்கின்றீர்கள். இவ்வூரிலேயே வாழ்வோரிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர். ஆகவே, இப்பொருள் நம் அனைவருக்கும் உரியதே.

செபராங் பிறையின் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்குக் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றில் உழைப்பதற்காகவே நம் முன்னோர் கடல் கடந்து கொணரப்பெற்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. பின்னர் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வந்தது. காடு ஒவ்வொரு முறையும் சுருங்கிற்று. காட்டில் வாழ்ந்த உயிர்களின் பசி மட்டும் சுருங்கவில்லை. அப்பசி இன்று நம் இளங்கன்றுகளிலும் மரவள்ளிக் கொல்லையிலும் வந்து நிற்கின்றது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகின்றோம். தோட்டப் பள்ளியொன்றில் பயின்ற மாணவன் ஒருவன் நாள்தோறும் வகுப்பில் உறங்கி விழுவான். ஒரு நாள் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றானேயன்றி மறுமொழி கூறவில்லை. பின்னரே உண்மை தெரிந்தது. பெற்றோர் விடியுமுன் மரம் வெட்டச் செல்லவேண்டியவர்கள். ஆகவே, லயத்திற்குப் பின்னாலிருந்த மரவள்ளிக் கொல்லையை இரவில் காப்பது அச்சிறுவனின் பொறுப்பு. பழைய தகரம் ஒன்றையும் கோல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, பன்றி வரும் ஓசை கேட்டால் தட்டி விரட்டுவான்.

மகன் படும் துன்பத்தைக் காணப் பொறாத தந்தை ஒரு தவறு செய்தார். வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பியை இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கம்பியருகே கிடந்தது பன்றியன்று. அடுத்த வீட்டாரின் பசுமாடு. நெடுநாள் உறவாடிய இரு குடும்பங்கள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. தகரமும் கையுமாக அக்கொல்லையைச் சுற்றி வந்தவன் அம்மனிதரின் சொந்த மகனே என்பதை எண்ணும்போது இன்றும் நம் உள்ளம் நடுங்குகின்றது.

எனவே, நாம் இன்று ஆராயவேண்டிய வினா இதுதான்: பயிரையும் காத்து, மனித உயிரையும் காத்து, சட்டத்தையும் மீறாதிருப்பது எவ்வாறு?

முதலில் எதிரியை அறிந்துகொள்வோம். காட்டுப்பன்றி ஏறத்தாழ நான்கு மாதங்களே கருவைச் சுமந்து, ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும் இயல்புடையது. தீனி மிகுந்த இடத்தில் அதன் தொகை விரைவில் பெருகும். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில் ஆய்வாளர்கள் கண்ட உண்மை நமக்குப் பாடமாகும். அக்காட்டில் பன்றிகள் மிக அடர்த்தியாகப் பெருகியிருந்தன. காட்டை அடுத்திருந்த தோட்டங்களில் உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழங்களே அதற்கு முக்கிய காரணம் என்று அவர்கள் கருதினர். அதாவது, பன்றிக்குச் சோறு போட்டவர்கள் நாமே! பொறுக்காமல் விட்ட பழமும், லயத்தருகே கொட்டிய உணவுக் கழிவும், அழைப்பிதழ் இல்லாமலே விருந்தினரை வரவழைக்கின்றன.

ரப்பர் தோட்டத்தில் பன்றி இளங்கன்றுகளைக் கிளறிச் சாய்க்கும். முள்ளம்பன்றி அடிமரத்துப் பட்டையைக் கடித்துத் தின்னும். குரங்கு இளந்தளிரை ஒடிக்கும். எலி நாற்றங்காலில் விதையையும் வேரையும் அழிக்கும். ஒவ்வொன்றின் பழக்கமும் வேறு. ஆகவே, ஒவ்வொன்றிற்கும் மருந்தும் வேறு.

திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில், எருவிடுதல், நீர் பாய்ச்சுதல் ஆகியவற்றைக் கூறி, நீரைக் காட்டிலும் காவலே சிறந்தது என்று வைத்தார். பண்டைத் தமிழர் தினைப்புனத்தில் பரண் அமைத்து, கவண் கொண்டு காவல் புரிந்தனர். வள்ளியம்மை காத்ததும் தினைப்புனமே அன்றோ? காவல் என்பது நம் மரபில் இழிந்த தொழிலன்று. ஆனால் அக்காவலைப் பள்ளி செல்லும் சிறுவனின் தலையில் சுமத்துவதுதான் தவறு.

இன்றைய காவல் முறைகள் யாவை?

முதலாவது, தூய்மை. கொல்லையைச் சுற்றியுள்ள புதரையும் லாலான் புல்லையும் வெட்டி அகற்றவேண்டும். மறைவிடம் இல்லாத வெளியில் வருவதற்கு விலங்குகள் அஞ்சும். உணவுக் கழிவை மூடியுள்ள தொட்டியிலேயே போடவேண்டும்.

இரண்டாவது, வேலி. ஒவ்வொரு இளங்கன்றையும் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அமைத்தால் முள்ளம்பன்றியும் பன்றியும் நெருங்குதல் கடினம். வீட்டுத் தோட்டத்திற்கு வலைக்கம்பி வேலி ஏற்றது. பன்றி மூக்கால் மண்ணைத் தோண்டி உள்ளே புகும். ஆகவே, வேலியின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்தல் வேண்டும்.

மூன்றாவது, கூட்டுக் காவல். ஒருவர் விரட்டிய பன்றி அடுத்தவர் கொல்லையில் நுழைவதால் யாருக்கும் பயனில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால், ஒரு குடும்பத்திற்குப் பத்து நாளைக்கு ஓர் இரவே காவல் வரும். வயது வந்தோரே காவலுக்குச் செல்லவேண்டும்.

மின்வேலியைப் பற்றித் தனியே கூறவேண்டியுள்ளது. முறையான மின்வேலியில் அதற்கென அமைந்த கருவி, இடைவெளிவிட்டு, நொடியில் மிகச் சிறு பகுதியளவே மின் அதிர்ச்சியை அனுப்பும். அது விலங்கை அச்சுறுத்துமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரமோ இடைவிடாது பாய்வது. தொட்டவரைப் பற்றிக்கொண்டு விடாது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், மீன் பிடிக்கச் சென்ற பள்ளி மாணவன் ஒருவன் இவ்வாறு பன்றிக்கென வைத்த சட்டவிரோதக் கம்பியில் சிக்கி உயிரிழந்தான். மரவள்ளியை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம்; மகனை மீண்டும் பெற இயலுமா?

இனி வேட்டையைப் பற்றிய சட்டத்தைக் காண்போம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் இது திருத்தப்பெற்றுத் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பயிருக்குத் தீங்கு செய்யும் காட்டுப்பன்றியும் நீண்டவால் குரங்கும்கூட இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவையே. பன்றியை வேட்டையாட, பெர்ஹிலித்தான் என்று நாம் அழைக்கும் வனவிலங்கு தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் தனி உரிமம் வேண்டும். கம்பிக் கண்ணி வைத்தல் குற்றமாகும். கண்ணிக்குப் பன்றியென்றும் புலியென்றும் வேறுபாடு தெரியாது. நம் நாட்டு மலாயாப் புலிகள் அருகிப் போனதற்குக் கண்ணிகள் ஒரு பெருங்காரணம்.

அப்படியானால் பயிர் அழியும்போது கைகட்டி நிற்பதா? இல்லை. விலங்கை விரட்ட நியாயமான முயற்சிகளை முதலில் செய்யவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். அம்முயற்சி பயன் தராதபோது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு மேல் நடவடிக்கைக்கு வழியுண்டு. எனவே, சேதம் நேர்ந்தவுடன் நாள், இடம், அழிந்த கன்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் வழியாகவோ நேரிலோ துறையின் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். அதிகாரிகள் வந்து பார்வையிட்டு, கூண்டு வைப்பதா, வேறு வழி காண்பதா என்று முடிவு செய்வர். தனியொருவர் புகாரினும் பலர் கையொப்பமிட்ட புகாருக்கு வலிமை மிகுதி.

இதே சிக்கல் தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கு 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அரசாங்கம் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காணப்படும் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் கூண்டில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். அங்கும் துப்பாக்கி துறையினரிடமே உள்ளது என்பதைக் கவனியுங்கள்.

உடல்நலத்தையும் மறந்துவிடலாகாது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய் நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்நோய்க்கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பண்ணைப் பன்றிகளுக்கும், அவற்றிடமிருந்து மனிதருக்கும் பரவியது. ஆகவே, வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். அதற்காக வௌவாலைக் கொல்லவும் வேண்டா. டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது அவ்வினமே. 2021ஆம் ஆண்டில் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பின்னர் தீபகற்பத்திலும் பரவியது. அது மனிதரைத் தொற்றுவதில்லை. எனினும் காலணியிலும் வாகனச் சக்கரத்திலும் ஒட்டிச் சென்று பண்ணைகளை அழிக்கும். கம்போங் செலாமாட், வால்டோர் போன்ற பன்றிப் பண்ணைப் பகுதிகளைக் கொண்டது நம் செபராங் பிறை. இறந்து கிடக்கும் காட்டுப்பன்றியைக் கண்டால் தொடாமல் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியாக மனிதருக்கு வரும் மலேரியாவும் இந்நாட்டில் உண்டு. விடியற்காலையில் மரம் வெட்டச் செல்வோர் நீண்ட கைச்சட்டை அணிவது நலம். குரங்குக்குத் தீனி போடுதல் அன்புச் செயலென்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது குரங்கை லயத்துக்குள் குடியேற்றும் செயலாகும்.

இறுதியாக எலியைப் பற்றி ஒரு சொல். எலிக்கு இயற்கை வைத்த காவலர் கூகை. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அஞ்சி, கல்லெறிந்து விரட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஓர் இணைக் கூகைகள் தம் குஞ்சுகளோடு ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கின்றன. இதனை உணர்ந்தே செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டிகள் வைத்து அவற்றை வளர்க்கின்றனர். ஆனால் வீரியமான எலி நஞ்சை வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடியும். நம் நாட்டுத் தோட்டமொன்றில் அவ்வகை நஞ்சு வைக்கப்பட்ட பின், முப்பது மாதங்களில் 20 கூகைகள் 2 ஆகக் குறைந்தன என்று 1984ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. கூகை சாவை அறிவிக்க வருவதில்லை. எலியின் சாவை நிகழ்த்த வருகின்றது!

தோழர்களே, உங்கள் உழைப்பின் பயனை நீங்களே துய்க்கவேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் சினத்தில் கட்டிய கம்பி, அறியாமையில் வைத்த கண்ணி, அச்சத்தில் எறிந்த கல் ஆகியவை எதையும் காப்பதில்லை. இன்று வீடு திரும்பியதும் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். உங்கள் கொல்லையில் சட்டவிரோதக் கம்பி இருந்தால், முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு அதனை அகற்றுங்கள். அண்டை வீட்டாரை அழைத்துக் காவல் முறை ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்தச் சிறுவனும் இரவெல்லாம் தகரம் தட்டவேண்டியதில்லை. இரவில் உறங்கி, பகலில் விழித்திருந்து பாடம் கேட்பான்.