உலோகம் எழுப்பும் ஓசை



பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பு முறிவதற்கு முன் நெறநெறவென்று ஓசையிடும். காதில் விழுந்ததும் சுமையை இறக்கிவிடுகிறோம். ஆகாய விமானத்தின் அலுமினியத் தகடும் அவ்வாறே ஓசையிடுகிறது, நமக்குத்தான் கேட்பதில்லை.

விமானம் மேலேறும் ஒவ்வொரு முறையும், உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் அதன் உடல் சற்றே உப்புகிறது; இறங்கும்போது சுருங்குகிறது. இப்படிப் பல்லாயிரம் தடவை நிகழ்ந்தால் ரிவெட் ஆணித் துளைகளின் ஓரத்தில் விரிசல் காணும். 1988 ஏப்ரல் 28இல் ஹவாயில் ஓர் அலோஹா விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் மாண்டார். ஏறும்போதே ஒரு பயணி விரிசலைக் கண்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை!

பார்த்தவர் சொல்வாரென்று காத்திராமல், தகட்டின் ஓசையையே கேட்கும் முறை ஒன்று உண்டு. விரிசல் வளரும் கணத்தில் நுண்ணிய அதிர்வு கிளம்பித் தகட்டில் பரவும். நம் செவிக்கு எட்டுவது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். இதுவோ இலட்சத்தையும் தாண்டும். தகட்டில் ஒட்டிய சிறு கருவிகள் அதை மின்சாரக் குறிப்பாக மாற்றுகின்றன. எந்தக் கருவிக்கு முந்தி எட்டியது, எதற்குப் பிந்தி எட்டியது என்று கணக்கிட்டால் விரிசலின் இடம் தெரிந்துவிடும்.

ஆனால், வளராத விரிசல் ஓசையிடாது. முன்பு தாங்கிய சுமையைத் தாண்டும்வரை உலோகம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும் என்பதை ஜெர்மானியரான ஜோசப் கைசர் 1950இல் எடுத்துக்காட்டினார். ஆகவே, தரையில் சோதிக்கும்போது சுமையைச் சற்றுக் கூட்டியே காது கொடுக்கிறார்கள். பறக்கும்போதோ இயந்திர இரைச்சலும் ஆணிகள் உராயும் ஓசையும் குறுக்கிடும். அவற்றைப் பிரித்தறிவதுதான் பெரும்பாடு. அதனால், விளக்கைப் பிடித்துத் தகட்டைக் கண்ணால் பார்க்கும் பரிசோதகரின் வேலை இன்னும் போய்விடவில்லை.