பாட்டனார் விட்டுச் சென்ற கைக்கடிகாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு, நம் இல்லங்களின் பெட்டியடியில் துணி சுற்றிக் கிடக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச முற்படுகிறோம். அது நம் பாட்டனார் அணிந்த கைக்கடிகாரம்.

இப்பேச்சுக்குக் காரணம் உண்டு. மும்பையில் நம் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுப் புதிய மாடிகள் எழுகின்றன. வீடு காலி செய்யும் அவசரத்தில் பழம்பொருள்கள் எடைக்குப் போகின்றன. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ரயிலேறி வந்து, மாதுங்காவில் ஓர் அறையை நால்வராகப் பகிர்ந்து வாழ்ந்த தலைமுறைக்குக் கைக்கடிகாரம் என்பது ஆடம்பரம் அன்று, உத்தியோகத்தின் அடையாளம். பல மாதச் சேமிப்பில் வாங்கிய அதனைச் சில நூறு ரூபாய்க்குக் கைமாற்றுமுன், அது இன்னதென்று அறிவது நம் கடமையாகும்.

முதலில் காலத்தைப் பகுத்து அறிதல் வேண்டும். விடுதலைக்கு முற்பட்ட கடிகாரங்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து நாட்டவை. அவற்றின் வரலாற்றில் நம் மாநகருக்கும் பங்குண்டு. ஃபாவர்-லூபா நிறுவனம் 1865-இலேயே பம்பாயில் கால்கொண்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886-இல் இங்குத் தன் வாணிகத்தைத் தொடங்கியது. அதன் புகழ்பெற்ற 'சோவார்' என்னும் பெயர் குதிரை வீரனைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே. ஆகவே வெளிநாட்டுப் பெயர் கண்டதும், எவரோ கடல் கடந்து கொணர்ந்தார் என்று கருத வேண்டுவதில்லை. கோட்டைப் பகுதியில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு வந்தது. அக்காலத்தில் கள்ளக்கடத்தலில் வந்த கடிகாரங்களும் ஏராளம். ஆகையால் ரசீது இல்லை என்பது ஒன்றையே கொண்டு ஒரு கடிகாரத்தைப் போலி எனத் தள்ளுதல் கூடாது.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரங்கள் உருவாகத் தொடங்கின. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் ஆகிய பெயர்களை நம் வீடுகளில் அறியாதார் இலர். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அணிவித்ததும், பணி ஓய்வில் அலுவலகம் அளித்ததும் இவைதாம். 1969-இல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் தோன்றியது. 1984-இல் நிறுவப்பட்ட டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து அதனை நாடெங்கும் பரப்பியது. சாவி கொடுக்கும் கடிகாரம் மெல்லப் பின்வாங்கிற்று. எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் அரசு ஒப்புதல் அளித்தது. இன்று அவற்றைத் தேடுவோர் பெருகியுள்ளனர்.

இனி, கையில் உள்ளதை அறியும் முறை. முகப்பில் உள்ள பெயரை மட்டும் நம்பலாகாது. பின்மூடியில் பொறித்திருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் எஃகாலானது பின்மூடி மட்டுமே. சுற்றுக்கூடு வேறு உலோகத்தின்மேல் பூச்சாக இருக்கலாம். '20 மைக்ரான்' என்றிருந்தால் அது பொன்முலாமே அன்றிப் பொன் அன்று. பழைய சுவிஸ் பொற்கூடுகளில் பெண்ணின் தலை பொறித்த முத்திரை 18 காரட்டையும், அணில் முத்திரை 14 காரட்டையும் காட்டும்.

'17 ஜூவல்ஸ்' என்னும் எழுத்தைக் கண்டு மயங்குவோர் பலர். அவை சக்கரங்களின் அச்சு தேயாமல் தாங்குவதற்கு வைத்த செயற்கை மாணிக்கங்கள். இயந்திரத்திற்கு அவை இன்றியமையாதவை. விற்பனையில் அவற்றுக்குத் தனி விலை இல்லை.

பின்மூடியைத் தேர்ந்த கடிகாரக்காரரைக் கொண்டு நம் கண்முன் திறக்கச் செய்தல் நலம். இயந்திரத்தின்மேல் எண்ணொன்று காணப்படும். ஜனதா கடிகாரத்தில் 0231 என்னும் எண் அவ்வகையது. முகப்பின் பெயரும், இயந்திரத்தின் எண்ணும், கூட்டின் குறியும் ஒன்றோடொன்று பொருந்தினால் பொருள் பெரும்பாலும் மெய்யானது என்று கொள்ளலாம். ஒன்றின் முகப்பையும் மற்றொன்றின் இயந்திரத்தையும் சேர்த்து, புது வண்ணம் தீட்டி விற்கும் வழக்கம் உண்டு. சேகரிப்போர் அத்தகையவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்றே அழைக்கின்றனர். நம் நகரின் பெயர் இவ்வாறு வழங்குவது வருத்தத்திற்குரியதே.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். நெடுநாள் ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் உலர்ந்திருக்கும். 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று மீண்டும் மீண்டும் சாவி கொடுத்தால் உறுப்புகள் தேயும். முதலில் துப்புரவு செய்வித்தல் வேண்டும். இரண்டாவது, இருளில் ஒளிரும் எண்களைக் கொண்ட பழைய முகப்புகளில் ரேடியம் பூசியிருக்கக்கூடும். ஒளி மங்கினாலும் ரேடியத்தின் கதிரியக்கம் எளிதில் மாயாது. அதன் அரைவாழ்வுக் காலமே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அப்பூச்சைச் சுரண்டலாகாது; குழந்தைகள் கையில் பிரித்து விளையாடக் கொடுக்கலாகாது.

மதிப்பு என்பது யாது? கடைக்காரர் நமக்குக் கொடுக்கும் விலை ஒன்று. அதையே அவர் பிறருக்கு விற்கும் விலை மற்றொன்று. இரண்டிற்கும் இடையே அவர் செப்பனிடும் செலவும் ஆதாயமும் உள்ளன. ஆதலின் ஒருவர் சொல்லோடு நில்லாது, மூவரிடமேனும் கேட்பது தக்கது. அருமையும், மாற்றப்படாத நிலையும், நன்கு ஓடுதலும் விலையை உயர்த்தும். பழைய முகப்பின் மஞ்சள் நிறத்தை அழுக்கென்று கருதிப் புது வண்ணம் பூசுவித்தாலும், கூட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் விலை தாழும். உண்மையைச் சொல்வதாயின், நம் இல்லங்களில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை பெருஞ்செல்வம் தரமாட்டா. பல்லாயிரக்கணக்கில் விற்ற பொருளுக்கு அருமைப்பாடு குறைவு என்பதே காரணம்.

அங்ஙனமாயின் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டில் கடிகாரம் ஒன்றுதான். நகையை எடையிட்டுப் பிரிக்கலாம். நிலத்தை அளந்து பிரிக்கலாம். கடிகாரத்தைப் பிரிக்க வழியில்லை. அதன் விலை தெரியாதபோது, 'அண்ணன் பெரும்பொருளைக் கொண்டுபோனான்' என்னும் ஐயம் தம்பியின் உள்ளத்தில் வேரூன்றுகிறது. இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக இருபது ஆண்டு பேச்சு அற்றுப்போகும் கொடுமையும் நேரக்கூடும். மதிப்பை எல்லோர் முன்னிலையிலும் அறிந்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. அதன்பின், விலைக்காக அன்றி அன்பிற்காக அதனை வேண்டுபவர் யார் என்பது தானே விளங்கும். பல வேளைகளில் அவர் மகனாக இரார். பாட்டனார் மடியில் அமர்ந்து மணி பார்க்கக் கற்ற பேத்தியாக இருப்பார். அவருக்கும் உரிமை உண்டு என்பதை நம் குடும்பங்கள் மறத்தல் கூடாது.

விற்பதும் குற்றமன்று. மருத்துவத்திற்கோ படிப்பிற்கோ பணம் வேண்டின், தாத்தா இருந்தால் தாமே கழற்றிக் கொடுத்திருப்பார். அறியாமல் விற்பதே இழப்பு.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பாட்டிமார் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு சிறு தாளில் எழுதுங்கள்: வாங்கியவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கடை, எந்தச் சம்பளத்தில், எவ்வெப்போது அணிந்தார். அத்தாளை, அக்கடிகாரம் தெரிய எடுத்த பழைய நிழற்படம் ஒன்றோடு சேர்த்து வையுங்கள். வாங்க வருபவர் அதனைச் சான்றாகக் கொள்வார். வைத்துக்கொள்பவருக்கு அது குடும்ப வரலாறாகும். முத்திரையையும் எண்ணையும் நிபுணர் என்றும் படித்துச் சொல்லலாம். பாட்டியின் நினைவில் உள்ளதைப் படிக்க வல்லவர் அவர் ஒருவரே. அதற்குரிய காலமும் இதுவே.