பதினேழும் பதினெட்டும்

(மாணவர் விடுதி ஒன்றில் ஏப்ரல் மாதம் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் அடித்த துண்டறிக்கையைப் பார்த்தேன். 'பாரத ரத்னா டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள் கூட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதில் முதல் இரண்டு சொற்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நான் வங்கியில் கிளார்க். பகலில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். அதனால் பற்று வரவுக் கணக்காகவே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது 1990. அம்மா என்னை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தபோது, அந்த ஏப்ரல் 14ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையிலிருந்து சவிதா அம்பேத்கர் பாரத ரத்னா விருதைப் பெற்றுக்கொண்டார். ரேடியோவில் சேதி வந்ததும் எங்கள் சேரி இளைஞர்கள் அண்ணலின் படம் ஒன்றை டிராக்டரில் வைத்து, மாலை போட்டு, மேளத்தோடு கிளம்பினார்கள். படம் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கப்பா. ஊர்த்தெரு முனையில் சாதி இந்துக்கள் மறித்தார்கள். "படத்த எறக்கி ஏரிக்கர வழியா எடுத்துட்டுப் போங்கடா" என்றார்கள். போலீஸ் வந்தது. அவர்களும் சட்டம் ஒழுங்கு என்று சொல்லி ஏரிக்கரையைத்தான் காட்டினார்கள். படம் ஏரிக்கரை வழியாகவே திரும்பி வந்தது. ராஷ்டிரபதி பவனுக்குள் மரியாதையோடு போன பெயர், எங்கள் ஊர்த் தேரடித் தெருவுக்குள் போக முடியவில்லை.

இத்தனைக்கும் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லாவற்றையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். 66 வருஷம் கழித்தும் எங்களுக்கு ஏரிக்கரைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு விருதின் கதைக்கு வருவோம்.

உங்களில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்கோ குரூப் தேர்வுக்கோ படித்துக்கொண்டிருப்பீர்கள். பாரத ரத்னா பட்டியலை நானும் உருப்போட்டவன்தான். தொடங்கிய ஆண்டு? 1954. முதலில் பெற்றவர்கள்? ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். ஒரு மதிப்பெண். அதற்கு மேல் அந்தப் புத்தகம் எதுவும் கேட்காது. நாம் கேட்க வேண்டும். மூன்று பேரும் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள். மூன்று பேரும் பார்ப்பனர்கள். ராமனின் அறிவியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராஜாஜி? 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத்தான் நம் மக்கள் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம் வரட்டும், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அந்தத் திட்டம். என் தாத்தா வெட்டியான். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் எங்கப்பா பாதி நாள் குழி வெட்டக் கற்றிருப்பார், நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். எதிர்ப்பு கிளம்பி, ராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்து திட்டம் கைவிடப்பட்டது 1954இல். அதே 1954இல்தான் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது.

அந்த ஆண்டு அம்பேத்கர் உயிரோடு இருந்தார். இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதால் 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தவர். 1952 பொதுத் தேர்தலில் தோற்கடிக்கப்பட்டவர். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்கடிக்கப்பட்டார். அரசியல் சட்ட வரைவுக்குழுத் தலைவராக இருந்தவரின் பெயர் அன்றைக்கு யாருடைய பட்டியலிலும் ஏறவில்லை. 1955இல் நேரு பிரதமராக இருந்துகொண்டே பெற்றுக்கொண்டார். 1971இல் இந்திராவும் அப்படியே. 'இறந்துபோனவருக்குத் தரும் வழக்கமில்லை' என்றாவது சொல்ல முடியுமா? 1966இல் சாஸ்திரி, 1976இல் காமராசர், 1983இல் வினோபா பாவே, 1988இல் எம்.ஜி.ஆர். எல்லோருக்கும் இறந்த பிறகுதான் தந்தார்கள். 1956 டிசம்பர் 6ஆம் தேதி கண் மூடியவரை இவர்களுக்கு நினைவு வர 34 வருஷம் ஆனது. எங்கள் வங்கியில் இதற்கு நிலுவை என்று பேர். நிலுவையைத் திருப்பிக் கொடுப்பவரைப் பார்த்து 'எவ்வளவு பெரிய மனசு' என்று யாரும் கும்பிடுவதில்லை.

1990இலும் அது தானாக வந்துவிடவில்லை. வி.பி. சிங் ஆட்சியில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் திறக்கப்பட்டது, விருது தரப்பட்டது. பௌத்தத்துக்கு மாறிய நம் மக்களுக்குப் பட்டியல் சாதி உரிமை திரும்பக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். இந்த மூன்றில் எது பெரியது என்று கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வேன். பதக்கத்தை அலமாரியில் வைக்கலாம். உரிமையை வைத்துக்கொண்டு ஒருவன் கல்லூரிக்குப் போகலாம். அந்த உரிமை தலித் கிறித்தவர்களுக்கு இன்றுவரை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டில்லியில் விருது கொடுத்த நாளில், மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கவில்லை. வைக்கலாம் என்று 1978இல் தீர்மானம் போட்டதற்கே தலித் குடிசைகளை எரித்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள். பெயர் ஏறியது 1994இல். நம் ஊர் மட்டும் யோக்கியமா? 1997இல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? கலவரம் செய்தவர்களை வழிக்குக் கொண்டுவரவில்லை. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயருக்குக் கீழே உட்கார்ந்து பயணம் போவதைவிட, தங்கள் சொந்தத் தலைவர் பெயரையே இழக்கலாம் என்று இருந்தவர்கள் இவர்கள். பதக்கம் ராஷ்டிரபதி பவனோடு நின்றுகொள்ளும். பெயர் தெருவுக்கு வந்தால்தான் சாதிக்கு எரிகிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். அடுத்த பிரிவைப் படித்திருக்கிறீர்களா? 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. ராணுவம், கல்வி சார்ந்த தகுதிகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு யாருக்கும் தரக் கூடாது என்கிறது. இரண்டும் சமத்துவ உரிமை என்ற ஒரே தலைப்பின் கீழ், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. பிறப்பின் பேரால் ஒருவனைக் கீழே தள்ளி ஒட்டுகிற பெயர் 17இல் போகிறது. அரசனின் தயவால் ஒருவனை மேலே தூக்கி ஒட்டுகிற பெயர் 18இல் போகிறது. மேல் இல்லாமல் கீழ் கிடையாது, கீழ் இல்லாமல் மேல் கிடையாது என்பதுதான் அண்ணல் வாழ்நாளெல்லாம் சொன்னது.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டங்களுக்கும் படிக்கட்டு இருந்தது. ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர். இரட்டைமலை சீனிவாசன் இந்த மூன்று படியும் ஏறியவர். எம்.சி. ராஜாவும் ராவ் பகதூர். இதற்காக அவர்களை ஏளனம் செய்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கதவைத் தட்ட ஒரு தடி கிடைத்தது, தட்டினார்கள். பறையன், பஞ்சமன் என்ற பெயர்களை அரசுப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922இல் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. தனக்குக் கிடைத்த பட்டத்தோடு நிற்காமல், தன் மக்கள்மேல் ஒட்டியிருந்த பட்டத்தை உரித்தெடுக்கப் பார்த்தார்.

சுதந்திர இந்தியா என்ன செய்தது? 18ஆம் பிரிவு அமலுக்கு வந்த நான்கே வருஷத்தில் படிக்கட்டைத் திரும்பக் கட்டியது. உச்சியில் பாரத ரத்னா. அதற்குக் கீழே பத்ம விபூஷண் என்று மூன்று வகுப்பு. 1954இல் அவற்றுக்கு முதல் வர்க்கம், இரண்டாம் வர்க்கம், மூன்றாம் வர்க்கம் என்றே பேர். 1955இல்தான் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்று மாற்றினார்கள். மொத்தம் எத்தனை படி? எண்ணிப் பாருங்கள், நான்கு. மனுவைப் பார்த்துக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. மரியாதை என்றாலே நாலு படியாகத்தான் இந்த மூளைக்குத் தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். நாலு படி இருந்தால் அதற்கு வெளியே ஐந்தாவதாக ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தை நமக்குத் தெரியும்.

இதை நாம் மட்டும் கேட்கவில்லை. 1969இல் கிருபளானி இந்த விருதுகளை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார், தோற்றது. 1977இல் ஜனதா ஆட்சி நிறுத்தியது. 1980இல் இந்திரா திரும்ப ஆரம்பித்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இவை பட்டங்கள் அல்ல, ஆகவே 18ஆம் பிரிவுக்கு விரோதம் இல்லை. ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. இப்போது உங்கள் துண்டறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் தம்பி.

சிறந்த பொதுச் சேவைக்கான விருது என்கிறார்கள். சேவை என்றால் என்ன? எங்கள் தாத்தா நாற்பது வருஷம் ஊருக்குச் சேவை செய்தார். பிணம் எரித்தார், குழி வெட்டினார், ராத்திரியில் ஏரி மதகைக் காத்தார், பத்து மைல் நடந்து சாவுச் சேதி சொன்னார். அதைச் சேவை என்று யாரும் சொல்லவில்லை. தொழில் என்றார்கள். களத்துமேட்டில் கடைசியாகக் கூட்டிய நெல்லை மண்ணோடு அள்ளிப் போட்டார்கள். பட்டமும் கொடுத்தார்கள். அஞ்சு வயசுப் பையன்கூட அவரைச் சாதிப் பேர் சொல்லி 'டேய்' என்று கூப்பிடுவான். அதுதான் அவருக்குக் கிடைத்த பட்டம்.

நான் வேலை பார்க்கும் கிளையில் ஜனவரி 26 அன்று கொடியேற்றிவிட்டு, சிறந்த ஊழியருக்குச் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். போன வருஷம் எனக்குக் கொடுத்தார்கள். கிளையைப் பெருக்கிக் கழிவறை கழுவும் அம்மா இருபது வருஷமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். போட்டோவுக்கு நின்றபோது "நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்றார் ஒரு அதிகாரி. அந்த அம்மா தள்ளிக்கொண்டார். நான் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் போட்டோ என் வீட்டில் இருக்கிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இதை உங்கள் முன்னால் ஒத்துக்கொள்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருது மேலே இருப்பவர்களை மட்டும் கெடுப்பதில்லை. வாங்குகிற நம்மையும் அரை நிமிஷம் ஊமையாக்கிவிடுகிறது.

2020இல் ராஜஸ்தானின் உஷா சௌமாருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கையால் மலம் அள்ளும் வேலையிலிருந்து வெளியே வந்து போராடிய பெண். அவர் கையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் அந்த வேலையைத் தடை செய்து 1993இலும் 2013இலும் இரண்டு சட்டம் போட்ட நாட்டில் இன்னும் சாக்கடைக் குழியில் ஆட்கள் சாகிறார்கள். அப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் சொல்ல வேண்டிவந்தது உச்ச நீதிமன்றத்துக்கு. விருதுக் கணக்கில் ஒருவர் வரவு, சாவுக் கணக்கில் எத்தனை பேர் பற்று?

அப்படியானால் அண்ணலுக்குத் தந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கப்பா ஒரு வார்த்தை சொல்வார்: "குடுத்தா வாங்கிக்கோ. ஆனா குடுத்தவன கும்புடாத." 2024 வரை 53 பேர் பெற்றிருக்கிறார்கள். அண்ணலைத் தவிர இன்னொரு தலித் பெயரை அதில் என்னால் காட்ட முடியவில்லை. பெண்கள் ஐந்து பேர். அந்த வரிசையில் அவர் பெயர் இருப்பதால் அந்த வரிசைக்குத்தான் மரியாதை. அதற்காக நம் கணக்கு தீர்ந்துவிட்டது என்று யாரும் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது.

கடைசியாக, துண்டறிக்கையில் மூன்றாவதாக இருக்கும் 'டாக்டர்' என்ற சொல். கல்வித் தகுதிக்கு 18ஆம் பிரிவு விலக்குத் தருகிறது என்றேன் அல்லவா? வகுப்பறையில் கோணியை விரித்துத் தனியாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து வாங்கியது அது. லண்டனில் ரூபாயைப் பற்றித்தான் ஆய்வு செய்தார். நான் தினம் எண்ணும் அதே ரூபாய். இதை எந்த அமைச்சரவையும் பரிந்துரைக்கவில்லை, எந்தப் பிரதமருக்கும் 34 வருஷம் கழித்து நினைவு வந்து கொடுத்ததில்லை. அவர் எழுதிய சட்டப்படியே அவர் பெயருக்கு முன்னால் நிற்கத் தகுதி உள்ள சொல் அதுதான்.

அடுத்த வருஷத் துண்டறிக்கையில் அந்த ஒன்றை மட்டும் போடுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போகாமல் தேரடித் தெரு வழியாகப் போகலாம். நானும் வருகிறேன். அந்தத் துப்புரவு அம்மாவையும் கூப்பிடப் போகிறேன். வருவாரா என்று தெரியாது. முதலில் நான் போய் அவரிடம் பேச வேண்டும்.

ஜெய்பீம்.