கணக்குக் கோலும் கடைசல் பட்டறையும்

(இயந்திரத் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். நான் பேச வந்திருப்பது ஒரு குச்சியைப் பற்றியேயாகும். ஒரு முழ நீளங்கூட இல்லாத குச்சி. நடுவில் ஒரு சட்டம் முன்னும் பின்னும் நகரும். இங்கிலீஷில் ஸ்லைடு ரூல் என்பார்கள். நாம் கணக்குக் கோல் என்று வைத்துக் கொள்ளுவோம். சுமார் 350 வருஷ காலம் இந்தக் குச்சி உலகத்துக்கு உழைத்தது. 1972-ல் எச்.பி.-35 என்கின்ற கையடக்கமான கணக்குப் பொறி வந்த பிறகு, சில வருஷங்களுக்குள்ளாகவே இது மூலைக்குப் போய்விட்டது. செத்துப்போன சாமானைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்பீர்கள். அந்தச் சாமான் எப்படிப் பிறந்தது, யார் கையில் இருந்தது என்கின்ற கதையில் நமக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

இதற்கு மூலமானவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜான் நேப்பியர் என்பவர். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும் லாகரிதம் என்கின்ற முறையை 1614-ல் அவர் வெளியிட்டார். இதே நேப்பியர் 1593-ல் மற்றொரு புஸ்தகமும் எழுதினார். பைபிளின் கடைசிப் பாகத்தை வைத்துக்கொண்டு, 1688-க்கும் 1700-க்கும் இடையில் உலகம் முடிந்துபோகும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்! ஆள் ஒருவர்தான், மூளையும் ஒன்றுதான். ஒரு கணக்கை எவன் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துச் சரி என்று கண்டு கொண்டான். மற்றொரு கணக்கை நம்பத்தான் முடிந்ததே தவிர, சோதிக்க முடியவில்லை. 1700-ம் வந்தது, போயிற்று. உலகமும் இருக்கிறது, லாகரிதமும் இருக்கிறது. ஆகவே, "பெரியவர் சொன்னார், மேதாவி சொன்னார்" என்பது ஒரு காலும் ருஜுவாகாது. சொன்னது சோதனைக்கு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

1620-ல் எட்மண்ட் கன்ட்டர் என்பவர் அந்த எண்களை ஒரு கோட்டின் மேல் நீளமாகக் குறித்தார். 1622 வாக்கில் வில்லியம் ஆட்ரெட் என்கின்ற பாதிரியார், அப்படிப்பட்ட இரண்டு கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்து நகர்த்தினார். கணக்குக் கோல் பிறந்துவிட்டது. இதில் மாயமொன்றுமில்லை. 10 அங்குலக் கோலில் 2 என்கின்ற குறி 3.01 அங்குலத்திலும், 3 என்கின்ற குறி 4.77 அங்குலத்திலும் இருக்கும். இரண்டு நீளத்தையும் கூட்டினால் 7.78 அங்குலம். அந்த இடத்தில் பார்த்தால் 6 என்று போட்டிருக்கும். இரு மூன்று ஆறு! நீளத்தைக் கூட்டினோம், எண் பெருகிவிட்டது.

ஆனால் ஆட்ரெட் இதை உடனே ஊருக்குச் சொல்லவில்லை. 1630-ல் டெலமெய்ன் என்பவர் வட்டமான கணக்குக் கோலைப் பற்றிப் புஸ்தகம் போட்ட பிறகு, 1632-ல்தான் ஆட்ரெட்டின் முறை அவருடைய மாணாக்கர் மூலம் வெளிவந்தது. தத்துவம் தெரியாதவனிடம் கருவியைக் கொடுத்தால் அவன் செப்பிடுவித்தைக்காரனாகத்தான் ஆவான் என்பது அவருடைய அபிப்பிராயம். அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால், தத்துவம் படிக்காதவன் கருவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தத்துவம் படிக்கப் பள்ளிக்கூடமும் இல்லாமல் வைத்தால் தச்சனும் கொல்லனும் எங்கே போவான்? இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்லவே! நல்ல வேளையாகக் கோல் பாதிரியார் வீட்டிலேயே தங்கிவிடவில்லை. பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இஞ்சின் தொழிற்சாலைக்குப் போயிற்று. 1851-ல் மான்ஹைம் என்கின்ற பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி அதைத் திருத்தியமைத்தார்.

இனி பட்டறைக்கு வருவோம். லேத்தில் 4 அங்குலக் குறுக்களவுள்ள இரும்புத் தண்டைக் கடைய வேண்டும். வெட்டும் வேகம் நிமிஷத்துக்கு 60 அடி. தண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? 60 அடியை 720 அங்குலமாக்கி, சுற்றளவாகிய 12.57-ஆல் வகுத்தால் சுமார் 57 சுற்று. இது சுலபம். ஆனால் அந்த 60 அடி என்பதை யார் சொன்னது? அதிகம் ஓட்டினால் டூல் கருகும். குறைத்து ஓட்டினால் பொழுது வீணாகும். அக்காலத்துப் பட்டறைகளில் இதற்கெல்லாம் கைப்பழக்கமும் குருட்டு வழக்கமுந்தான் பிரமாணம்.

அமெரிக்காவில் பிரெடெரிக் டெய்லர் என்பவர் 1880-ல் மிட்வேல் எஃகு ஆலையில் இதைச் சோதிக்க ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை 26 வருஷம் பிடித்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள்; சீவலாகப் போன இரும்பு மட்டும் 8 லட்சம் பவுண்டு. இரும்பின் தன்மை, வெட்டின் ஆழம், சீவலின் கனம், டூலின் வடிவம் என்று வேகத்தை நிர்ணயிக்கும் காரணங்கள் 12 இருக்கக் கண்டார். வெட்டுமிடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் வேகத்தை 40 சதவீதம் வரை கூட்டலாம் என்பதுகூட, எந்த ரிஷியும் ஞானக்கண்ணால் கண்டு சொன்னதல்ல; கொட்டிப் பார்த்து அளந்து கண்டதாகும்.

பன்னிரண்டு காரணங்களையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுவது எப்படி? பெரிய கணக்குப் பண்டிதர்கள் பலர் கையை விரித்துவிட்டார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் பார்த் என்பவர், 1899-ல் பெத்லெஹெம் எஃகு ஆலையில் டெய்லரோடு சேர்ந்து, அதைக் கணக்குக் கோலில் அடக்கினார். கணிதமே தெரியாத தொழிலாளியும் அரை நிமிஷத்துக்குள் விடை காணலாம் என்று டெய்லரே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு நடந்தது என்ன? தோழர்களே, இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எந்தத் தொழிலாளியும் உபயோகிக்கலாம் என்று சொல்லப்பட்ட கோல், தொழிலாளி கைக்கு வரவில்லை. திட்டமிடும் அறை என்று ஒன்றை ஏற்படுத்தி அங்கே வைத்துக் கொண்டார்கள். அங்கிருந்து ஒரு சீட்டு வரும்: இந்த வேகம், இந்த வெட்டு, இத்தனை நிமிஷம். ஏன் என்று கேட்பது தொழிலாளியின் வேலையல்ல! பட்டறையில் பிறந்த அறிவு, பட்டறைக்கே உத்தரவாகத் திரும்பி வந்தது. இரும்போடு நிற்காமல், ஸ்டாப் வாட்சை வைத்து மனிதனையும் அளந்தார்கள். வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதசாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் 1911 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். காங்கிரஸ் சபை விசாரணை நடத்திற்று. 1915-ல் அரசாங்க ஆயுதசாலைகளில் ஸ்டாப் வாட்சுக்குத் தடையும் விதிக்கப்பட்டது.

இதிலிருந்து அளப்பதே தப்பு என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. அளவு இல்லாவிட்டால் மறுபடியும் குருட்டு வழக்கந்தான். அளந்து கண்ட அறிவை ஒரு அறைக்குள் பூட்டி வைத்ததுதான் தப்பு. வேதத்தைக் காதால் கேட்கக்கூடாது என்று ஒரு கூட்டம் நம்மைத் தள்ளி வைத்தது. அந்த வேதத்துக்குள் ஒன்றுமில்லை என்பது வேறு சங்கதி. இங்கேயோ உள்ளே மெய்யான சரக்கு இருக்கிறது. அதனால் தள்ளி வைப்பதன் நஷ்டமும் மெய்யானது. பூணூல் இல்லாதவன் செய்தாலும் புரோகிதம் புரோகிதந்தான்!

இன்னொரு சங்கதி. இந்தக் கோலில் தசமப் புள்ளி கிடையாது. 573 என்று காட்டும், அது 5.73-ஆ, 57.3-ஆ, 573-ஆ என்பதைப் பிடித்திருப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். மூன்று இலக்கத்துக்கு மேல் நம்பவும் கூடாது. தன் குறையைத் தானே காட்டிவிட்டு, "மீதிக்கு உன் புத்தியை உபயோகி" என்று சொல்லும் சாதனம் அது. எந்தச் சாஸ்திரமாவது இப்படிச் சொன்னதுண்டா?

இன்றைக்குக் கம்ப்யூட்டர் லேத் வந்துவிட்டது. சுற்றும் வேகமும் வெட்டும் அளவும் கண்ணாடித் திரையில் தானாகவே தெரிகின்றன. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டும் வைக்கிறார்கள். கணக்குக் கோலுக்குச் சந்தனம் பூசியிருந்தால் கோடுதான் மறைந்திருக்கும்! பூசை வேண்டாம். திரையில் வரும் எண்ணைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இதை அளந்தவன் யார்? எப்படி அளந்தான்? நானும் அளந்து பார்க்க வழி உண்டா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அதைச் சொல்லுகிறவன் குருக்களானாலும் சரி, இஞ்சினீயரானாலும் சரி, விடாதீர்கள். சங்கத்தில் பேசுங்கள், படியுங்கள், படித்ததைப் பக்கத்து லேத்காரனுக்கும் சொல்லிக் கொடுங்கள். இதுவே நான் உங்களைக் கேட்டுக் கொள்வது.