சோப்பும் இறால் ஓடும் கற்பிக்கும் பாடம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், தொழிற் கண்டுபிடிப்புகள் பற்றி உரையாற்றுமாறு பணித்துள்ளனர். விண்கலத்தைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசப் போவதில்லை. நம் வீட்டுப் பிறையில் இருக்கும் சோப்புக் கட்டியையும், நம் பெண்கள் உரித்தெறியும் இறால் ஓட்டையும் பற்றியே பேச விழைகிறோம்.

நாம் பள்ளியிற் பயின்ற காலத்தில், மீன்வாடை வீசுகிறது என்று கூறி ஆசிரியர் ஒருவர் நம்மைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அன்று மாலை அன்னையார் நம் ஒரே சட்டையை ஏரிக்கரைக் கிணற்று நீரில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நுரை எழவில்லை. சோப்பு திரிந்து, வெள்ளைப் பிசுக்காய்த் துணியில் ஒட்டிக்கொண்டது. தம் கையில்தான் குறை என்று அவர் இறுதிவரை எண்ணியிருந்தார். உண்மை அதுவன்று. உவர்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகின்றன. குற்றம் கையில் இல்லை. நீரின் இயல்பில் இருந்தது. அந்த ஆசிரியர் நம்மைப் பின்வரிசைக்கு அனுப்பியதற்கு மாறாக இதையே பாடமாக நடத்தியிருக்கலாம்.

இந்தக் குறையை வென்றதுதான் சலவைத்தூள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தது. அந்நாட்டு வேதியியலார் 1916இல் கொழுப்பின்றியே செயற்கை அழுக்ககற்றியை உருவாக்கினர். பின்வந்த வகைகள் உவர்நீரிலும் திரியாமல் வேலை செய்தன. இந்தியாவில் 1959இல் சர்ஃப் விற்பனைக்கு வந்தது. ஏழை வீடுகளுக்கு அதன் விலை எட்டவில்லை. 1969இல் ஆமதாபாத்தில், அரசு ஆய்வகமொன்றில் பணியாற்றிய கர்சன்பாய் படேல் என்னும் உழவர் வீட்டு மகன், வீட்டிலேயே தூள் தயாரித்து மிதிவண்டியில் வீடு வீடாக விற்றார். அதுவே நிர்மா. அவரிடம் முதலீடு சிறிது. வேதியியல் அறிவோ நிறைய.

இனி, நம் தொழிலுக்கு மிக நெருங்கிய வரலாறு ஒன்று. சோப்பு என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்து விளைவது. மீனிலும் கொழுப்பு உண்டல்லவா? சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கி நடத்திய சர் பிரடெரிக் நிக்கல்சன், மலபார்க் கரையிலுள்ள தானூரில் மத்தி மீனிலிருந்து தூய எண்ணெய் எடுக்கச் செய்தார். புதிய மீனை வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெய் தனியே வரும். சக்கை வயலுக்கு உரமாகும். அந்த எண்ணெயிலிருந்து செய்த சோப்பு, காப்பித் தோட்டங்களுக்குப் பூச்சி மருந்தாகச் சென்றது. அம்முயற்சி வளர்ந்து, 1914இல் கோழிக்கோட்டில் அரசுச் சோப்புத் தொழிற்சாலை ஆயிற்று. கேரள சோப்ஸ் அதன் வழிவந்ததே. அதே துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் நம் பழவேற்காட்டு ஏரியிலும் சிப்பி வளர்ப்பை முயன்றார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மீன் எண்ணெய்ச் சோப்பு ஏன் இளகி நாறுகிறது? அந்த எண்ணெய் காற்றோடு எளிதில் சேர்ந்து சிக்கெடுத்துவிடும். அதற்கு ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்யும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். அதே முறைதான் பின்னர் எண்ணெயை வனஸ்பதியாக மாற்றிற்று; 1937இல் டால்டா இந்திய அடுக்களைக்கு வந்தது. சோப்புக்கும் உணவுக்கும் ஒரே வாயில் திறந்தது.

அளவும் அறிவில் அடங்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாஷ் காரம் வேண்டும். மத்தி எண்ணெய்க்கு 190 அளவே போதும். கைக்கணக்கில் கொட்டினால் எஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கும்.

இறாலைப் பாருங்கள். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி, தலையும் ஓடுமாகக் குப்பைக்குப் போகிறது. 1957இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம், அந்த ஓட்டிலிருந்து கைட்டின் எடுக்கும் முறையை வகுத்துத் தந்துள்ளது. நீர்த்த காரம் புரதத்தை நீக்கும், நீர்த்த அமிலம் சுண்ணாம்பை நீக்கும், எஞ்சுவது கைட்டின். அதைச் செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். அது புண்ணுக்குக் கட்டும் மருந்துத் துணியிலும், நீரைத் தெளிவிப்பதிலும் பயன்படுகிறது. நம் பெண்கள் கூடை கூடையாகக் கொட்டுவதில் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது.

தோழர்களே! ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டலாம் என்பதைப் 'பாடு' முறை வகுக்கிறது. அதில் குறிப்பிட்ட குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கே இடம். நம் மக்களும் இருளர் மக்களும் நெடுங்காலம் புறத்தே நின்று, இறாலைக் கையால் தடவிப் பிடித்தே வாழ்ந்தனர். அவ்வுரிமைக்கான முயற்சியைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஆனால், காப்புரிமையும் ஒரு பாடே. புதியதைக் கண்டவர்க்கு 20 ஆண்டுகள் உரிமை. பின்னர் அது அனைவர்க்கும் பொது. நார்மனின் முறை இன்று எவர்க்கும் பொதுவே. 1970ஆம் ஆண்டுச் சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. 2005 முதல் பொருளுக்கும் உண்டு. வெறும் கலவைக்கு அது கிட்டாது. கலந்ததனால் புதிய பயன் விளைய வேண்டும். 'நீ எந்தத் தலைக்கட்டு?' என்று அச்சட்டம் கேட்பதில்லை. 'நீ கண்டது புதியதா, பயனுடையதா?' என்றே கேட்கிறது. கட்டணமும் ஆய்வகமும் ஏழைக்கு எளிதில் கிட்டுவன அல்ல என்பதை அறிவோம். அங்கேதான் சங்கம் துணை நிற்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். சங்கத்தின் மாலை வகுப்பில் ஒரு தராசும், சில குடுவைகளும், அமில காரங்களைக் காவலோடு கையாளக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். பெற்றோர்களே, இறால் உரிக்க ஆள் வேண்டும் என்று பெண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். இளைஞர்களே, நுரைக்காத சோப்பையும் நாறுகின்ற ஓட்டையும் கண்டால் முகம் சுளிக்காமல் 'ஏன்?' என்று கேளுங்கள். அக்கேள்வியை நம் அன்னையார் கேட்க வழியில்லாது போயிற்று. உங்களுக்கு அவ்வழியைத் திறக்கவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது.